ஆமை, பாம்பு, தவளை வீட்டில் வளர்க்கலாமா? நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு போன்ற கொங்கு நகரங்களில் கண்ணாடித் தொட்டியில் சிறு ஆமை வளர்க்கும் இல்லங்களைக் காண முடிகிறது. சிலர் இகுவானா எனப்படும் பெரிய பச்சை ஓணானையும், வெளிநாட்டு மலைப்பாம்பையும், ஆக்சலாட்டல் என்னும் நீர்வாழ் உயிரியையும் வளர்க்கின்றனர். இவற்றை வாங்கும்போது பெரும்பாலானோர் விலையையும் உணவையும் மட்டுமே கேட்டறிகின்றனர். இந்த விலங்கை வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறதா, நம் வீட்டிலுள்ள குழந்தைக்கோ நோயாளிக்கோ இதனால் தீங்கு நேருமா என்னும் இரு கேள்விகள் கேட்கப்படுவதில்லை.

இவ்விரண்டும் தொடர்புடைய கேள்விகள். சட்டத்திற்கு அஞ்சி மறைத்து வளர்க்கப்படும் விலங்கு, நோய் வரும்போது மருத்துவரிடமிருந்தும் மறைக்கப்படுகிறது. அந்த மறைப்பு நோயறிதலைத் தாமதப்படுத்தும். எனவே சட்டத்தையும் உடல்நலத்தையும் இப்பக்கம் சேர்த்தே விளக்குகிறது.

எந்த விலங்குகளைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆமை, பாம்பு, பல்லி, ஓணான், உடும்பு, முதலை ஆகியவை ஊர்வன. தவளை, தேரை, ஆக்சலாட்டல் போன்றவை நீரிலும் நிலத்திலும் வாழும் இருவாழ்விகள். சட்டத்தின் பார்வையில் இவற்றை நம் நாட்டுக் காடுகளிலும் நீர்நிலைகளிலும் வாழ்பவை, வெளிநாட்டிலிருந்து வந்தவை என இரண்டாகப் பிரித்துக்கொண்டால் விதிகள் எளிதில் விளங்கும்.

நம் நாட்டு விலங்குகள்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 2022ஆம் ஆண்டு திருத்தப்பட்ட இச்சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் புதிய வடிவில் நடைமுறையில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட காட்டு விலங்கைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், உரிய சான்றின்றி வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். நட்சத்திர ஆமை, பாலாமை, உடும்பு, மலைப்பாம்பு, முதலை ஆகியவை இப்பாதுகாப்பைப் பெற்றவை. தோட்டத்தில் தானாக வந்த ஆமையைத் தொட்டியில் இட்டு வளர்ப்பதும் இதில் அடங்கும்.

சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உடும்பு, மலைப்பாம்பு போன்ற விலங்குகள் தொடர்பான குற்றங்களுக்கு 3 ஆண்டுக்குக் குறையாத, 7 ஆண்டு வரையிலான சிறைத்தண்டனையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. "அன்பளிப்பாக வந்தது", "விலை கொடுத்து வாங்கவில்லை" என்னும் விளக்கங்கள் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை.

கொங்குச் சிற்றூர்களில் கிணற்று நீர் தூய்மையாகும் என்று எண்ணி ஆமை விடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஆமை நீரைத் தூய்மைப்படுத்துவதில்லை. அதன் கழிவு அந்நீரிலேயே கலக்கிறது. அத்தகைய கிணற்று நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது பழைய வழக்குமொழி. இன்று நிலை தலைகீழாகி, வீட்டில் ஆமை இருந்தால் செல்வம் சேரும் என்று கூறி நட்சத்திர ஆமை விற்கப்படுகிறது. இரண்டு நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. ஆனால் இரண்டாவது நம்பிக்கை இந்த ஆமை இனத்தையே நலிவுறச் செய்துள்ளது. அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, 2019ஆம் ஆண்டு நட்சத்திர ஆமையை மிகக் கடுமையான கட்டுப்பாடு கொண்ட முதல் இணைப்பில் சேர்த்தது.

வெளிநாட்டு விலங்குகள்

இந்தியா 1976ஆம் ஆண்டு முதல் சைட்டிஸ் உடன்படிக்கையில் உறுப்பு நாடு. ஆயினும் அந்த உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்குகளுக்கு உள்நாட்டில் நெடுங்காலம் தெளிவான பதிவு விதி இல்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அக்குறையைப் போக்கியது. சைட்டிஸ் பட்டியலிலுள்ள உயிரினங்கள் இப்போது நம் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. பச்சை இகுவானா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு, மெக்சிகோ நாட்டு ஆக்சலாட்டல் ஆகியவை இவற்றுள் சில.

இத்தகைய விலங்கை வைத்திருப்போர் அதைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கான விதிகளை ஒன்றிய அரசு 2024 பிப்ரவரி 28 அன்று வெளியிட்டது. அவற்றின் சுருக்கம் வருமாறு:

- பதிவு, ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாக மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பித்துச் செய்யப்பட வேண்டும்.
- விதிகள் நடைமுறைக்கு வந்தபோது விலங்கை வைத்திருந்தோருக்கு 6 மாத அவகாசம் தரப்பட்டது. அதன்பின் விலங்கைப் பெறுவோர் 30 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும்.
- விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். இது திருப்பித் தரப்படாது.
- விலங்கு குட்டி ஈன்றாலோ, முட்டை பொரித்தாலோ, இறந்தாலோ, வேறொருவருக்குக் கைமாறினாலோ அச்செய்தியும் தெரிவிக்கப்பட வேண்டும்.

2020ஆம் ஆண்டு ஒன்றிய அரசு, வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்போர் ஆவணமின்றியே தாமாக முன்வந்து அறிவிக்க 6 மாதக் காலச் சலுகை ஒன்றை அளித்தது. அச்சலுகை முடிந்துவிட்டது. "பிறகு அறிவித்துக்கொள்ளலாம், ஆவணம் கேட்கமாட்டார்கள்" என்று விற்பனையாளர் சொன்னால் அதை நம்பி வாங்க வேண்டாம்.

இறக்குமதி செய்வது எப்படி?

உயிருள்ள ஊர்வனவற்றைப் பயணப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர எவருக்கும் அனுமதி இல்லை. சைட்டிஸ் பட்டியலிலுள்ள விலங்கை முறைப்படி இறக்குமதி செய்ய, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் தடையில்லாச் சான்று, வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம், ஏற்றுமதி செய்யும் நாட்டின் சைட்டிஸ் அனுமதி ஆகியவை தேவை. வந்திறங்கும் விலங்கு நலச்சான்றுடன் விலங்குத் தொற்றுத் தடுப்பு நிலையத்தின் சோதனைக்கும் உட்பட வேண்டும். தமிழ்நாட்டில் இந்நிலையம் சென்னையில் இயங்குகிறது.

இந்த வழியைத் தவிர்க்கும் கடத்தல் நம் மாநில விமான நிலையங்களில் பலமுறை பிடிபட்டுள்ளது. 2023 ஏப்ரலில் சென்னை விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த பயணி ஒருவரின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில், அதே நகரிலிருந்து வந்த மற்றொரு பயணியிடம் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் கைப்பற்றப்பட்டன.

மருத்துவ நோக்கில் இதைக் கவனியுங்கள். துளையிட்ட சிறு பெட்டிகளில், உணவும் நீருமின்றி, ஒன்றன் கழிவு மற்றொன்றின் மேல் படுமாறு அடைத்துக் கொண்டுவரப்படும் விலங்குகளிடையே நோய்க்கிருமி எளிதில் பரவுகிறது. கால்நடை மருத்துவரின் சோதனை எதையும் கடக்காமல் அவை வீட்டுக் கூடத்தை அடைகின்றன. ஆவணம் இல்லை என்றால் அந்த விலங்கு எங்கிருந்து, எந்த நிலையில் வந்தது என்பதை அறிய வழியே இல்லை என்று பொருள்.

ஊர்வனவும் சால்மோனெல்லாவும்

ஊர்வன, இருவாழ்விகள் ஆகியவற்றின் குடலில் சால்மோனெல்லா என்னும் பாக்டீரியா இயல்பாகவே வாழ்கிறது. விலங்கிற்கு அது நோய் தருவதில்லை. ஆமை சுறுசுறுப்பாக நீந்தும், நன்றாக உண்ணும், ஆனால் அதன் கழிவில் கிருமி வெளியேறும். அதுவும் தொடர்ந்து வெளியேறாமல் விட்டுவிட்டு வெளியேறும். ஆகவே ஒருமுறை சோதித்துக் கிருமி இல்லை என்று முடிவு வந்தாலும் விலங்கு பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது. விலங்கிற்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதாலும் கிருமி முற்றிலும் நீங்குவதில்லை. மாறாக, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாகும் வாய்ப்பே கூடுகிறது.

இது டைபாய்டு அன்று. டைபாய்டு கிருமி மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவும். விலங்குகளிடமிருந்து வருவது அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு வகைகள். கிருமி உடலில் புகுந்த 6 மணி நேரம் முதல் 6 நாட்களுக்குள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்று வலி ஆகியவை தோன்றும். உடல்நலம் மிக்க பெரியவர்களில் பெரும்பாலோர் 4 முதல் 7 நாட்களில் ஆன்டிபயாடிக் இன்றியே குணமடைவர்.

விலங்கைத் தொட்டால்தான் தொற்றும் என்பதில்லை. தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டுவது, ஆமையைத் தரையில் நடமாடவிட்டு அதே தரையில் குழந்தையைத் தவழவிடுவது, தொட்டியைக் கழுவிய கையால் பால் புட்டி கலப்பது ஆகியவை போதும். அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் சிறு ஆமைகளால் குழந்தைகளிடையே சால்மோனெல்லா பரவியதால், 4 அங்குலத்திற்குக் குறைவான ஓடு கொண்ட ஆமைகளின் விற்பனை 1975ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டது. சிறு குழந்தைகள் அவற்றை வாயில் வைத்ததே இந்த அளவு வரம்பிற்குக் காரணம். அதே நாட்டில் 2009 முதல் 2011 வரை, மீன் தொட்டிகளில் வளர்க்கப்படும் ஆப்பிரிக்கக் குறுந்தவளைகளாலும் இத்தொற்று பரவியது.

நம் வீட்டுப் பல்லியும் இக்கிருமியைச் சுமக்கக்கூடியது. பல்லி விழுந்த உணவு நஞ்சாகிவிடும் என்னும் அச்சம் பரவலாக உள்ளது. வீட்டுப் பல்லிக்கு நஞ்சு இல்லை. ஆயினும் கிருமி இருக்கலாம் என்பதால் அவ்வுணவைக் கொட்டிவிடுவதே முறை.

யார் வீட்டில் இவை இருக்கவே கூடாது?

பின்வருவோரில் ஒருவர் வீட்டில் இருந்தாலும், பதிவும் ஆவணமும் சரியாக இருந்தாலும், ஊர்வனவற்றையும் இருவாழ்விகளையும் வளர்க்க வேண்டாம்:

- 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், குறிப்பாக ஒரு வயது நிரம்பாதோர். இவர்களிடம் கிருமி இரத்தத்தில் கலந்து மூளை உறையைத் தாக்கக்கூடும்.
- கர்ப்பிணிகள்.
- 65 வயதைக் கடந்தோர்.
- புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெறுவோர்.
- சிறுநீரகம் உள்ளிட்ட உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், டயாலிசிஸ் செய்துகொள்வோர், நீண்ட நாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர்.
- எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர்.
- அரிவாள் செல் இரத்தசோகை உள்ளோர். நீலகிரி, ஆனைகட்டி மலைப்பகுதிகளின் பழங்குடி மக்களிடையே இந்நோய் உள்ளது. இவர்களுக்குச் சால்மோனெல்லா எலும்பில் தங்கி நீங்காத வலியையும் சீழையும் உண்டாக்கக்கூடும்.

வயிற்றுப் புண்ணுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நீண்ட காலம் எடுத்துக்கொள்வோரும் கவனமாக இருக்க வேண்டும். வயிற்றமிலம் கிருமியைக் கொல்லும் முதல் தடை. அது குறைந்தால் சிறிதளவு கிருமியும் நோய் தரும்.

மருத்துவரிடம் மறைக்காதீர்கள்

குழந்தைக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால், வீட்டில் என்ன விலங்கு உள்ளது என்று மருத்துவர் கேட்கக்கூடும். ஆவணமில்லாத ஆமை இருக்கும் வீட்டார் "எதுவும் இல்லை" என்று சொல்லிவிடும் வாய்ப்பு மிகுதி. அதனால் மலப் பரிசோதனையும் இரத்தக் கிருமி வளர்ப்புச் சோதனையும் பிந்தக்கூடும். வைடால் சோதனை டைபாய்டைத் தேடுவதற்கானது. விலங்கிலிருந்து வந்த சால்மோனெல்லாவை அறிய அதை நம்ப முடியாது.

மருத்துவர் இதைக் கேட்பது சிகிச்சைக்காக மட்டுமே. நோயாளி தரும் செய்தியைக் காப்பது மருத்துவரின் தொழில்நெறி. வீட்டில் உள்ள விலங்கின் பெயர் தெரியாவிட்டால் படம் எடுத்துக் காட்டுங்கள். உறவினர் வீட்டு ஆமையுடன் குழந்தை விளையாடியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்கு தொடங்கியதும் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சிறு குழந்தைகளுக்கு மருத்துவர் அல்லது சுகாதாரச் செவிலியர் கூறும் அளவில் துத்தநாக மாத்திரையை 14 நாட்கள் தொடருங்கள். மலத்தில் இரத்தம், குறையாத காய்ச்சல், சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல், வலிப்பு, பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். மேலே குறிப்பிட்ட பிரிவினர், காய்ச்சல் வந்த முதல் நாளே வர வேண்டும்.

கடி நேர்ந்தால்

ஆமை, இகுவானா, நஞ்சில்லாப் பாம்பு ஆகியவற்றின் கடியை ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ரேபிஸ் நோய் பாலூட்டிகளால் மட்டுமே பரவும். எனவே ஊர்வன கடித்தால் அதற்கான தடுப்பூசி தேவையில்லை.

நச்சுப் பாம்பை வீட்டில் வைத்திருப்பது உயிருக்கே ஆபத்து. நம் மருத்துவமனைகளில் உள்ள நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. வெளிநாட்டு நச்சுப் பாம்பு கடித்தால் இம்மருந்து பயன்படும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தப் பாம்பிற்குரிய மருந்து இங்குக் கிடைப்பதும் அரிது. எந்தப் பாம்பு கடித்தாலும் கட்டுப்போடாமல், கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108 ஆம்புலன்சை அழையுங்கள். வளர்த்த பாம்பு என்றால் அதன் பெயரை மறைக்காமல் கூறுங்கள். தமிழ்நாட்டில் பாம்புக்கடி 2024ஆம் ஆண்டு முதல் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாகும்.

மருந்து என்று விற்கப்படுபவை

மூட்டு வலிக்கு உடும்புத் தைலம், மூலத்திற்கு ஆமைக்கறி, தீராத நோய்க்கு மண்ணுளிப் பாம்பு என்று கூறி விற்போர் உண்டு. நீண்ட நாள் நோயால் களைத்த குடும்பத்தினரையே இவர்கள் நாடுகின்றனர். இவற்றால் இந்நோய்கள் குணமாகும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. இவற்றை வாங்குவது சட்டத்தின்படி குற்றமாகும். இதற்காக நிறுத்தப்படும் முறையான சிகிச்சையே எல்லாவற்றிலும் பெரிய இழப்பு.

ஏற்கெனவே வீட்டில் இருந்தால் என்ன செய்வது?

1. நம் நாட்டுப் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்றால், தாமதியாமல் மாவட்ட வன அலுவலகத்தை அணுகி ஒப்படைக்கும் வழியைக் கேளுங்கள். விற்கவோ, பிறருக்குக் கொடுக்கவோ வேண்டாம். அதுவும் குற்றம்.
2. வெளிநாட்டு விலங்கு என்றால், நான்காம் அட்டவணையில் உள்ளதா என்பதை அதே அலுவலகத்தில் உறுதிசெய்து பதிவு செய்யுங்கள். வாங்கிய ரசீதைப் பாதுகாத்து வையுங்கள்.
3. முடிவு ஆகும்வரை தொட்டியைச் சமையலறைக்கும் குழந்தை உறங்கும் அறைக்கும் அப்பால் வையுங்கள். தொட்டி நீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள்.
4. விலங்கையோ தொட்டியையோ தொட்டபின் சோப்பும் நீரும் கொண்டு 20 நொடிகள் கை கழுவுங்கள். விலங்கை முத்தமிடுவதும், அதன் அருகே உண்பதும் வேண்டாம்.
5. சிகிச்சையில் உள்ளவர் தொட்டியைச் சுத்தம் செய்யக் கூடாது.

குளத்தில் விடாதீர்கள்

சிக்கல் எதற்கு என்று எண்ணி ஆமையை இரவில் உக்கடம் பெரியகுளத்திலோ, சிங்காநல்லூர் குளத்திலோ, நொய்யலிலோ விட்டுவிடலாம் என்று தோன்றலாம். அது தீர்வன்று. சந்தையில் மிகுதியாக விற்கப்படும் சிவப்புக் காது ஆமை, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் உள்ளது. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு சில ஆண்டுகளில் பெரிதாகி, உள்ளூர் ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் திருச்சூர்ப் பகுதி நீர்நிலைகளில் இவ்வாமை காணப்பட்டதால், கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் பொதுமக்களிடமிருந்து இவற்றைப் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தது. இத்தகைய அயல் உயிரினங்களின் இறக்குமதியையும் வளர்ப்பையும் தடுக்கும் அதிகாரத்தை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் ஒன்றிய அரசுக்கு வழங்கியுள்ளது.

நினைவில் கொள்க

வாங்கும் முன் ஆவணத்தைக் கேளுங்கள். ஆவணம் இல்லையென்றால் வாங்காதீர்கள். வீட்டில் குழந்தையோ, கர்ப்பிணியோ, முதியவரோ, சிகிச்சையில் உள்ளவரோ இருந்தால் ஆவணம் இருந்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் வன அலுவலகத்தில் கேளுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். உடல்நல ஐயங்களுக்கு அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, 104 மருத்துவ உதவி எண்ணையோ அணுகலாம்.